பெயர் போடாத நீதிபதி

என் தம்பிக்கு வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. ஹோட்டலில் ஆறிப்போன டீயைக் கொண்டுவந்து வைத்தால், "இப்படி இருந்தாத்தான் நாக்கு சுடாது" என்று சர்வருக்கே சமாதானம் சொல்லிவிட்டுக் குடிப்பான். பஸ்ஸில் காலை மிதித்தவனிடம் இவன் மன்னிப்புக் கேட்பான். எலும்பு டாக்டர், பெரிய ஆஸ்பத்திரியில் வேலை, ஆனால் அங்கேயும் நர்ஸுகளுக்குப் பயந்து சுவரோரமாகத்தான் நடப்பான். இப்படிப்பட்ட ஆள் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் சிங்கமாகிவிடுவான். அன்றைக்குத்தான் அவன் மற்ற டாக்டர்கள் எழுதியதைத் திருத்துவான்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு மருத்துவப் பத்திரிகை இருக்கிறது. ராசிபலன், சமையல் குறிப்பு எதுவும் அதில் கிடையாது. டாக்டர்கள் எழுதி டாக்டர்களே படிப்பது. யாராவது ஒரு டாக்டர் ஒரு மருந்தையோ அறுவையையோ சோதித்துப் பார்த்துக் கட்டுரை அனுப்பினால், ஆசிரியர் அதை உடனே அச்சுக்குக் கொடுத்துவிட மாட்டார். எழுதியவர் பெயரை நீக்கிவிட்டு, அதே துறையில் இருக்கிற இரண்டு பேருக்கு அனுப்புவார். தேறுமா தேறாதா என்று அவர்கள் சொல்ல வேண்டும். எழுதியவர் யாரென்று இவர்களுக்குத் தெரியாது. திட்டியவர் யாரென்று அவருக்குத் தெரியாது. திட்டிய இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. இந்தக் கண்ணாமூச்சிக்கு மதிப்பாய்வு என்று கௌரவமான பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதற்குக் காலணா சம்பளம் கிடையாது. வருடக் கடைசி இதழில் மதிப்பாய்வாளர்கள் எல்லாருடைய பெயரையும் எறும்பு ஊர்வதுபோலப் பொடி எழுத்தில் போட்டு நன்றி சொல்வார்கள், அவ்வளவுதான். முதல் தடவை தம்பியின் பெயர் வந்தபோது அம்மா அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். வருகிறவர்கள் எல்லாம் அது வாக்காளர் பட்டியலா என்று கேட்டார்கள். அம்மா அசரவில்லை. மகனுடைய பெயர் இருக்கும் இடத்தைக் குச்சியால் தொட்டுக் காட்டினாள்.

எங்களுக்கு ஒரு பேக்கரி உண்டு. என் வீட்டுக்காரரை ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே பழகிவிட்டேன். ஞாயிறு மதியம் கடையை மூடிவிடுவோம். தம்பி வீட்டில் அந்த நேரத்தில் அவன் மனைவி பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கணக்கு டியூஷன் எடுப்பாள் என்பதால், இவன் கட்டுரைகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் பின்கட்டுக்கு வந்துவிடுவான். மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, சூடு ஆறிக்கொண்டிருக்கும் அடுப்புக்குப் பக்கத்தில், சிவப்புப் பேனாவைத் திறப்பான். அதற்குப் பிறகு அவன் என் தம்பி இல்லை.

"ஆசிரியர்கள் ஒரு முக்கியமான பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்" என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பான். அந்த வரியை எழுதுகிறான் என்றால் எழுதியவனுக்குச் சங்கு ஊதப்போகிறான் என்று நான் தெரிந்துகொள்வேன். அடுத்த வரியிலிருந்து கிழிகிழி என்று கிழிப்பான். யாரோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள், எதற்காக இத்தனை பேரை மட்டும் எடுத்தீர்கள், பாதியில் நின்றுபோனவர்கள் எங்கே போனார்கள் என்று வரிசையாகக் கேள்வி. எதிரில் ஆள் இல்லை, தன் பெயரும் போகப்போவதில்லை என்றால் என் தம்பிக்கு வருகிற தைரியத்தை நீங்கள் பார்க்க வேண்டும். அவனுக்கு ஒரே ஒரு ஒழுக்கம் மட்டும் இரும்பு மாதிரி இருந்தது. படிக்கிற கட்டுரையைப் பற்றி ஒரு ஜீவனிடமும் மூச்சு விடமாட்டான். நான் டீ கொண்டுபோனால்கூடத் தாளைக் கவிழ்த்து வைத்துவிடுவான். அச்சில் வரும்வரை அது எழுதியவனுடைய சொத்து, வெளியே சொல்வது திருட்டு என்பான். எனக்கு ஒரு எழுத்தும் புரியாது என்று எத்தனை தடவை சொல்லியும் கவிழ்த்துத்தான் வைப்பான்.

இந்த நிலைமையில் என் வலது தோள் மக்கர் செய்ய ஆரம்பித்தது. வருடக்கணக்காக மாவு பிசைந்து, தட்டுகளை அடுப்புக்குள் தள்ளி இழுத்த தோள். தலை வாரக் கையைத் தூக்கினால் உயிர் போகும். மாஸ்டர்தான் எனக்குப் பின்னல் போட்டுவிடுவார், ரொட்டிக்குப் பின்னுவது மாதிரி இறுக்கமாக. தம்பி என்னை அவனுடைய ஆஸ்பத்திரியிலேயே தோளுக்கென்று இருக்கிற டாக்டரிடம் கூட்டிப்போனான். அவர் தம்பிக்குப் பக்கத்து அறை, மதியம் இருவரும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்கள். பெரிதாக அறுக்காமல் சின்னத் துளை போட்டு அறுவை செய்கிறவர் என்பதால் ஆஸ்பத்திரியில் அவருக்குத் துளை டாக்டர் என்று பெயர்.

"உள்ள ஒரு எலும்பு உரசுது. துளை போட்டு அதைச் சீவி விட்டுட்டா முடிஞ்சுது" என்றார் அவர், பென்சில் சீவுகிற மாதிரி. தம்பியும் தலையாட்டினான். "செஞ்சுக்கோக்கா. எல்லாருக்கும் செய்யறதுதான்" என்றான். தேதியும் குறித்துவிட்டார்கள். எனக்கு மயக்க ஊசி என்றாலே பயம், கடையை யார் பார்ப்பார்கள் என்று கவலை வேறு. ஆனாலும் வலி போகுமே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாம் தலைகீழாயிற்று. தோளை எடுத்த எக்ஸ்ரே படம் இருந்த உறையைத் தம்பியிடம் பார்க்கக் கொடுத்திருந்தேன். அதை மூட்டைமேல் வைத்துவிட்டு அவன் வழக்கம்போலத் திருத்த உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து டீ கொண்டுபோனால், பேயறைந்த மாதிரி இருக்கிறான். தாளைக் கவிழ்க்கக்கூட மறந்துவிட்டான். என்னைப் பார்த்ததும் அவசரமாக என் படத்து உறையை எடுத்து அதன்மேல் வைத்தான். என் தோளையே பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அக்கா, ஆபரேஷனைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா?" என்றான்.

"ஏன்டா?"

"வெயில் ஜாஸ்தியா இருக்கு."

ஆபரேஷன் தியேட்டரில் ஏ.சி. இருக்கிறதே என்றேன். அதுதான் பிரச்சினை, குளிர் உனக்கு ஒத்துக்காது என்றான். மறுநாள் போன் செய்து, மயக்க டாக்டர் லீவில் போகிறாராம் என்றான். அதற்கடுத்த நாள் என் ரத்த அழுத்தத்தைக் காரணம் காட்டினான். எனக்கு ரத்த அழுத்தமே கிடையாது. பொய் சொல்லத் தெரியாதவன் சப்பைக்கட்டு கட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. "சரி, என்னதான் விஷயம்?" என்று கேட்டால், "சொல்லக் கூடாதுக்கா" என்று போனை வைத்துவிடுவான்.

நான் என்ன நினைப்பேன்? படத்தைப் பார்த்தான், முகம் வெளுத்தது, கண் கலங்கியது, ஆபரேஷன் வேண்டாம் என்கிறான், காரணம் சொல்ல மாட்டேன் என்கிறான். ஒரு எலும்பு டாக்டர் தன் அக்காவிடம் எதைச் சொல்ல மாட்டான்? எனக்குப் புற்றுநோய் என்று முடிவு செய்துவிட்டேன். கத்தி வைத்துப் பிரயோஜனமில்லாத அளவுக்கு முற்றிவிட்டது என்பதையும் நானே முடிவு செய்தேன். மாஸ்டரிடம் சொன்னேன். அந்த மனிதர் பிசைந்துகொண்டிருந்த மாவையே பிசைந்துகொண்டிருந்தார். அன்றைக்கு ரொட்டியெல்லாம் கல்லு கல்லாக வந்தது. எனக்கு அப்போது சாகப் பயமாக இல்லை, இந்த ஆளை யார் சாப்பிடக் கூப்பிடுவார்கள் என்பதுதான் கவலையாக இருந்தது.

இரண்டு பேரும் அழுது முடித்த பிறகு எனக்குக் கோபம் வந்தது. நேரே தம்பி வீட்டுக்குப் போனேன். சாயங்கால டியூஷன் பிள்ளைகள் நடுவிலேயே அவனைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்தேன்.

"எனக்கு இன்னும் எவ்வளவு நாள்டா இருக்கு?"

முழித்தான். "எதுக்கு?"

"எதுக்கா? என் படத்துல என்ன பாத்தேன்னு சொல்லு. நான் தாங்கிக்குவேன்."

"படத்துலயா? உனக்கு ஒண்ணும் இல்லைக்கா. தோள் வலிதான். நூறு வயசு இருப்பே."

"அப்புறம் ஏன்டா கண் கலங்குச்சு? என்ன மறைக்கறே?"

"மறைக்கலை. சொல்லக் கூடாது."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"மறைக்கறது தப்பு. சொல்லாம இருக்கறது விதி" என்றான். வியர்வை ஆறாக ஓடுகிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் கலங்கியது என் படத்தைப் பார்த்து இல்லை, அதற்குக் கீழே இருந்த கட்டுரையைப் படித்து. என் தோளைப் பற்றி, எனக்கு நடக்கப்போகிற அறுவையைப் பற்றி, அந்தத் தாளில் ஏதோ இருக்கிறது. சாகவில்லை என்ற நிம்மதி ஒரு நிமிஷம்தான் இருந்தது. பிறகு கொதித்தேன். கூடப் பிறந்தவளை உயிரோடு ஒப்பாரி வைக்கவிட்டு, பெயர் தெரியாத எவனோ ஒருவனுக்கு இவன் விசுவாசம் காட்டியிருக்கிறான்.

"உன் பத்திரிகையைக் கொண்டுபோய் அடுப்புல போடு. இனிமே ஞாயித்துக்கிழமை என் கடைப்பக்கம் வராதே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவன் மனைவி வாசல்வரை வந்து, "அண்ணி, என்கிட்டயும் இப்படித்தான். கல்யாண நாள் பரிசு என்னன்னு கேட்டாக்கூட அச்சுல வரட்டும்ங்கறார்" என்றாள்.

மறுநாள் காலை கடையைத் திறந்தால் ஷட்டருக்கு அடியில் ஒரு உறை. அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே தட்டச்சு செய்த ஒரே ஒரு தாள். மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"விண்ணப்பதாரர் ஒரு முக்கியமான பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறார். வலது தோள் அவருக்கும் அவருடைய தொழிலுக்கும் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பின்வரும் குறைகள் உள்ளன. ஒன்று, அறுவைக்கு முன் தோளுக்கான பயிற்சிகளைச் சில மாதங்களாவது முறையாகச் செய்து பார்த்ததற்கு ஆதாரம் இல்லை. இரண்டு, எலும்பைச் சீவியவர்களையும், துளை மட்டும் போட்டுச் சீவாமல் விட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்று அறுவை மருத்துவரிடம் விண்ணப்பதாரர் கேட்டதாகத் தெரியவில்லை. மூன்று, விண்ணப்பதாரர் வீண் பீதி அடைகிறார், அடுத்தவரையும் அடையச் செய்கிறார். பரிந்துரை: பெரிய திருத்தங்களுடன் மீண்டும் சமர்ப்பிக்கவும்."

மாஸ்டர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "யார் எழுதினதுன்னு போடலையே" என்றார்.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, கண்ணிலும் தண்ணீர். கழுத்தில் கத்தியை வைத்தாலும் அவன் விதியை மீற மாட்டான். ஆனால் எந்தக் கட்டுரைக்கும் கேட்கிற கேள்வியை அக்காவுக்கும் கேட்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லையாம். அதற்கும் ஒரு முகமூடி வேண்டியிருந்தது. அக்கா முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லாதவன், அக்காவையே ஒரு கட்டுரையாக்கிக் கிழித்துவிட்டான்.

அந்த வாரமே துளை டாக்டரிடம் போனேன். அவர் அறைக்கு வெளியே நீளமான பெஞ்ச். அதில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். துணி வெளுக்கிறவள், பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதி எழுதித் தோள் போனவள், இடுப்பில் பேரனைத் தூக்கியே கை போனவள். எல்லாரும் ஒரு கையால் இன்னொரு தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் என்னைப் போலத் தேதி குறித்தாயிற்று.

உள்ளே போய், மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைக் கேட்டேன். "டாக்டர், எலும்பைச் சீவினவங்களையும், வெறும் துளை மட்டும் போட்டுச் சீவாம விட்டவங்களையும் ஒப்பிட்டுப் பாத்திருக்காங்களா?" சத்தியமாக எனக்கு அந்தக் கேள்வியின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது.

துளை டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அது இன்னும் அச்சுல வரலையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அச்சில் வராத கட்டுரையைப் படித்திருக்கிறார் என்றால் ஒன்று இவர் எழுதியிருக்க வேண்டும், இல்லை மதிப்பாய்வுக்கு இவருக்கு வந்திருக்க வேண்டும். எழுதியவராக இருந்தால் எனக்குத் தேதி குறித்திருக்க மாட்டார். அப்படியென்றால் அந்த இரண்டாவது ஆள் இவர்தான். சீவினாலும் சீவாவிட்டாலும் ஒன்றுதான் என்று எவரோ சோதித்து எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு என் தம்பி ராத்தூக்கம் இல்லாமல் அலைந்தான். அதையே படித்துவிட்டு இவர் சீவிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர். கேள்விதான் கேட்டேன்."

"ஒரு கட்டுரை வந்துட்டா உலகம் மாறிடாதும்மா. என் கையில எத்தனையோ பேருக்கு நல்லாயிருக்கு" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை வீண் என்று ஒரு தாள் வந்து சொன்னால் எவருக்குத்தான் பிடிக்கும். ஆனாலும் என் தோள் என் தோள்தானே. ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி தயங்கித் தயங்கிக் கடைக்கு வந்தான். நான் சுவரில் விரல்களை ஏற்றி இறக்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் உறை தன்னுடையது என்று காட்டிக்கொள்ளவில்லை. நானும் உறையைப் பற்றிப் பேசவில்லை. டீயைக் கொடுத்தேன். அவன் மூட்டைமேல் உட்கார்ந்து வெறுமனே அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிவப்புப் பேனா பையிலேயே இருந்தது.

"என்னடா, இன்னிக்குக் கிழிக்கறதுக்கு எதுவும் இல்லையா?"

"அதே கட்டுரைக்கு இன்னொரு ஆள் எழுதின மதிப்பாய்வை அனுப்பியிருந்தாங்க. படிச்சேன்" என்றான். "அதுக்கு மேல கேக்காதே. ஆனா இப்படிக்கூட ஒரு ஆள் எழுத முடியுமான்னு இருக்கு."

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. "அது யாருன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

சட்டென்று நிமிர்ந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான், சின்னப் பையன் மாதிரி. "வேணாம்க்கா. சொல்லாதே."

"நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டு மேஜையில நீ..."

"சொல்லாதேன்னு சொல்றேன்ல." அவன் என்னிடம் குரலை உயர்த்தி அன்றைக்குத்தான் கேட்டேன். பிறகு கையை எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "பேர் தெரிஞ்சுட்டா, அதுக்கப்புறம் வர்ற ஒவ்வொரு கட்டுரையும் அந்த ஆளோடதா இருக்குமோன்னு தேடுவேன். தேடித் தேடி வெட்டுவேன். என்னை எனக்குத் தெரியும்க்கா. யாருன்னு தெரியாததாலதான் இத்தனை வருஷம் நான் ஒழுங்கா இருக்கேன்."

நான் வாயை மூடிக்கொண்டேன். இத்தனை வருடம் அவனைக் கோழை என்று கேலி செய்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அவனை நினைத்துப் பெருமையாக இருந்தது, அவனை ஓங்கி ஒரு அறை விடலாம் என்றும் இருந்தது.

"அந்த பெஞ்சுல உக்காந்திருக்கறவங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒருத்தர் அச்சுல போடலாம்னாரு, ஒருத்தர் வேணாம்னாரு. அதனால மூணாவது ஆளுக்கு அனுப்பியிருக்காங்க. அவர் படிச்சு, திருத்தி, அச்சுல வரணும்."

"அதுவரைக்கும்?"

அவன் டம்ளரை எடுத்தான். டீ ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்துவிட்டுப் போனான்.

அவனுக்கு விதி இருக்கிறது. துளை டாக்டருக்கு வாழ்நாள் வேலை வீணாகிறதே என்ற எரிச்சல் இருக்கிறது. மூன்றாவது மனிதர் எங்கே கால் நீட்டிப் படுத்திருக்கிறாரோ தெரியாது. எனக்கு எந்தப் பத்திரிகையும் வாய்ப்பூட்டு போடவில்லை. மறுநாள் ஒரு பை நிறைய பன் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். பன்னைக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன். ஆபரேஷன் செய்யாதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, அதைச் சொல்ல நான் யார். உள்ளே போனதும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள் என்றுதான் சொன்னேன்.

கரும்பலகை டீச்சர் முதலில் போனாள். கதவு சாத்திக்கொண்டது. வெளியே நாங்கள் பன்னைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தோம். பிறகு நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்தது துளை டாக்டர். வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எல்லார் கையிலும் இருந்த பன்னைப் பார்த்தார். அவர் முகம் சிவந்துவிட்டது. என்னைத் திட்ட வேண்டும் என்றால் எதற்குத் திட்டுகிறேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்தக் கட்டுரை தன்னிடம் வந்தது என்று அத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அவருக்கும் ஒரு பன்னை நீட்டினேன்.

வாங்கவில்லை. டீச்சர் பக்கம் திரும்பி, "சில மாசம் பயிற்சி செஞ்சு பாருங்க. அப்பவும் வலிச்சா வாங்க, பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அடுத்து துணி வெளுக்கிறவள் வலிக்கிற தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கதவுவரை போனவள் திரும்பி வந்து என் பக்கத்தில் குனிந்தாள். "அக்கா, உள்ள போய் என்ன கேக்கணும்னு சொன்னீங்க?" என்றாள்.